டீ ஆற்றில் குளிர்காலத் தூண்டில்: நான்கு நாள் குறிப்புகள்

ஜனவரி 16, வியாழன் – லிவர்பூலிலிருந்து பாலா

காணும் பொங்கலன்று ஆற்றங்கரைக்குப் போவது எங்கள் சேரன்மாதேவி வழக்கம். புளிச்சோறு, தேங்காய்த் துவையல், பெருங்கூட்டமாகத் தாமிரபரணி. இந்த வருஷமும் காணும் பொங்கலுக்கு ஆற்றுக்குத்தான் போனேன். ஆறு மட்டும் வேல்ஸில் ஓடும் டீ. வெளியே 3 டிகிரி. மனைவி கட்டிக்கொடுத்த புளிச்சோற்றைச் சாலையோரம் காரை நிறுத்தி, ஹீட்டரை முழுசாகத் திருகிவிட்டு, கண்ணாடியெல்லாம் ஆவி படியச் சாப்பிட்டோம். கூட வந்தவர் பாதிக்கு மேல் காலி செய்துவிட்டு, சோற்றில் கடலை போடுவது நல்ல யோசனை என்றார்.

கூட வந்தவர் என்கிறேன், உண்மையில் நான்தான் அவர் பின்னால் போனேன். பக்கத்து வீட்டுக்காரர், எழுபது வயது, ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். என் மகள் அவருக்கு வைத்த பெயர் மீன் தாத்தா. லிவர்பூலிலேயே பிறந்து வளர்ந்தவர் என்பதால் வாக்கியத்துக்கு ஒரு ‘லா’ போடுவார். பையன் என்று பொருள்படும் ‘லாட்’ என்ற சொல்லின் வாலை ஒடித்து அந்த ஊர்க்காரர்கள் செய்துகொண்டது அது. நெல்லைக்காரனுக்கு இதற்கு அகராதி தேவையில்லை. நம்ம ‘லே’.

போன கோடையில் வேலிக்கு அந்தப்பக்கமிருந்து தூண்டிலைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம், நானும் சின்ன வயதில் மூங்கில் கம்பு, தங்கூசி நரம்பு, மயில் இறகுத் தக்கை, மண்புழு எல்லாம் வைத்துக் கெண்டை பிடித்தவன்தான் என்று வாய்விட்டுவிட்டேன். அப்படியானால் ஜனவரியில் வா என்றார். ஜனவரியில் எந்த மீன் கடிக்கும் என்று கேட்டதற்குக் கிடைத்த பதில், கிரேலிங்.

டிரவுட்டும் சால்மனும் குளிர் தொடங்கும்போது முட்டையிடப் போய்விடும். வேல்ஸில் செப்டம்பரோடு டிரவுட் பருவம் முடிகிறது. கிரேலிங்கும் அதே குடும்பம்தான். வாலுக்கு முன்னால் அந்தக் குடும்பத்துக்கே உரிய குட்டிக் கொழுப்புத் துடுப்பு இதற்கும் உண்டு. ஆனால் இது முட்டையிடுவது வசந்தத்தில். அதனால் சட்டம் இதைச் சாதாரண ஆற்று மீன்களோடு சேர்த்துவிட்டது. ஜூன் 16 முதல் மார்ச் 14 வரை பிடிக்கலாம். நடுக்குளிரில் ஆற்றிலேயே கொழுகொழுவென்று இருப்பது இதுதான். தெற்கே பணக்கார டிரவுட் ஆறுகளில் இதை ஒரு மீனாகவே மதிக்காமல், டிரவுட்டின் தீனியைத் தின்கிறது என்று வலைபோட்டு வாரி வெளியே போட்டிருக்கிறார்கள். மீன் தாத்தாவுக்கு இதில் தனிக் கோபம் உண்டு. “கோடையில துரைமார் மீன், குளிர்ல நம்ம மீன், லா” என்றார்.

பாலா ஒரே ஒரு பெரிய தெரு கொண்ட ஊர். தெரு முடியும் இடத்தில் ஏரி: வேல்ஸின் மிகப் பெரிய இயற்கை ஏரியான லின் டெகிட். டீ ஆறு இந்த ஏரிக்குள் புகுந்து வெளியேறிக் கிழக்கே போகிறது. ஏரித் தண்ணீரோடு கலக்காமலே ஆறு கடந்து போகிறது என்று ஒரு பழங்கதையும் வைத்திருக்கிறார்கள். நாங்கள் போனபோது ஏரியும் வானமும் ஒரே ஈயப் பூச்சாக இருந்தன. பேருந்து நிறுத்தத்தில் பள்ளிப் பிள்ளைகள் வெல்ஷ் மொழியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பெயர்ப்பலகையில் மட்டும் இருக்கும் மொழி என்று நினைத்திருந்தேன். பிள்ளைகள் அதில் திட்டிக்கொள்கிறார்கள் என்றால் அது நன்றாகத்தான் இருக்கிறது.

வாடகைக்கு நீர்க்கால்சட்டை எடுக்கக் கடைக்குப் போனோம். மார்பு வரை ஏறும் ரப்பர் உடுப்பு. ஆங்கிலத்தில் அதன் பெயர் வேடர். ஆற்றில் இறங்கும்வரை எனக்கு அந்தச் சொல் மிகவும் பிடித்திருந்தது. நாளுக்கு 15 பவுண்டு, முன்பணம் 30 பவுண்டு ரொக்கமாக. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து “யவுன், வா?” என்றார். கூப்பிடுகிறாரே என்று பக்கத்தில் போய் நின்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம். பிறகுதான் தெரிந்தது, ‘நல்லாயிருக்கியா’ என்று கேட்டிருக்கிறார். ‘வா’ என்பது பாலாக்காரர்கள் வாக்கியத்தின் கடைசியில் ஒட்டும் வால். அதுவும் ‘பையா’தான். லிவர்பூல் லா, பாலா வா, நெல்லை லே! மூன்று ஊரும் ஒரே பையனைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கின்றன.

எந்த ஊர் என்று பெரியவர் கேட்டார். லிவர்பூல் என்றேன். அடுத்த கேள்விக்கும் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். இந்த நாட்டில் பதினோரு வருஷமாக ‘இல்ல, முதல்ல எந்த ஊர்?’ என்று வரும், ‘தென்னிந்தியா’ என்பேன். பெரியவர் அதைக் கேட்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “அப்போ எங்க தண்ணியக் குடிக்கிற ஆளு” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மீன் தாத்தா மட்டும் அலமாரியில் இருந்த காலுறைகளை அக்கறையாகப் பார்க்கத் தொடங்கினார்.

காரில் ஏறியதும் என்ன தண்ணீர் என்று கேட்டேன். “ஞாயித்துக்கிழமை காட்டறேன்” என்றதோடு சரி.

ஜனவரி 17, வெள்ளி – முதல் நாள், முழு முட்டை

தங்கிய வீட்டில் அறை 80 பவுண்டு, காலைச் சாப்பாடு அதிலேயே சேர்த்தி. வீட்டுக்கார அம்மா எங்கள் பெயரைக் கேட்பதற்கு முன்பே ஈரக் காலணிகளை வாங்கி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தவர். காலையில் முட்டை, பன்றி இறைச்சி, காளான், வதக்கிய தக்காளி. தட்டில் இடம் போதாமல் ரொட்டியைத் தனித் தட்டில் வைத்தார். பக்கத்துக் கிராமத்தின் பெயரை நான் படித்த விதத்தைக் கேட்டு அவருக்குத் தாங்கவில்லை. இரண்டு ‘எல்’ சேர்ந்து வந்தால் நாக்கை ‘ல’ இடத்தில் வைத்து இரண்டு பக்கமும் காற்றை ஊத வேண்டுமாம். நான் ஊதினேன். எதிரே உட்கார்ந்திருந்தவரின் சட்டையில் ரொட்டித்தூள். பதிலுக்கு ‘வாழைப்பழம்’ சொல்லச் சொன்னேன். நான்கு முறை முயன்று சிரித்துக்கொண்டே கெட்டிலை நிரப்பப் போய்விட்டார். கணக்கு நேர்.

ஒன்பதரைக்கு ஆற்றில் இறங்கினோம். பாலாவுக்குக் கீழே, கார்வென் ஊருக்குப் போகும் வழியில், வயல்களுக்கு நடுவே ஆல்டர் மரங்கள் வரிசையாக நிற்கும் இடம். இலை ஒன்றுகூட இல்லை. இரண்டு வாரத்துக்கு முன் விழுந்த பனி அரெனிக் மலையுச்சியில் இன்னும் வெள்ளைத் துண்டு போர்த்தியிருந்தது. ஆற்றின் அடிக்கல் ஒவ்வொன்றும் ஒரு தேங்காய் அளவு, எண்ணெய் தடவின மாதிரி வழுக்கல். ஊன்றுகோலை முதலில் நட்டு, பிறகு ஒரு காலை நகர்த்தி, அது நின்ற பிறகுதான் மறு கால். சபரிமலை ஏறியவர்களுக்கு இந்த நடை பழக்கமாயிருக்கும்.

இந்த ஊர் முறையில் புழு கிடையாது. இறகும் நூலும் கம்பியும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சிதான் இரை. பூச்சி என்றதும் தண்ணீர்மேல் மிதக்கும் ஈயைத்தான் நான் நினைத்தேன். குளிர்காலத்தில் மேலே எதுவும் பறக்காது. கல்லுக்கடியில் ஊர்ந்துகொண்டிருக்கும் புழுப்பருவப் பூச்சிகளைத்தான் மீன் தின்னும். அதனால் பொய்ப்பூச்சியின் தலையில் டங்ஸ்டன் மணி கோத்து அடிக்கே இறக்குகிறார்கள். பத்தடிக் கோல், மிக லேசானது. அதன் நுனிக்கு வெளியே பத்துப் பன்னிரண்டு அடி நரம்புதான். நீரோட்டத்துக்கு எதிர்த்திசையில் வீசி, நுனியை நீரோட்டத்தோடு கூடவே நகர்த்திக்கொண்டு போக வேண்டும். கோலின் கீழேயே இரை தரையைத் தட்டித் தட்டி வரும். செக், போலந்து ஆட்கள் போட்டிகளில் கொண்டுவந்து உலகத்துக்குப் பரவிய முறை. பார்த்தால் குருடர் கோலால் வழி தேடுவது போலவே இருக்கும்.

தக்கை கிடையாது. எனக்குத் தெரிந்த ஒரே வித்தை தக்கை முங்கினால் இழுப்பது. இங்கே நரம்பு ஒரு நொடி தயங்கும், அவ்வளவுதான். கல் தட்டினாலும் அதே தயக்கம், பாசி மாட்டினாலும் அதே தயக்கம். எது மீன் என்று கேட்டால் மீன் தாத்தா, “சந்தேகம் வந்தா தூக்கு, லா. தூக்கறதுக்குக் காசா கேக்கறாங்க?” என்கிறார்.

பத்தரை மணிக்கு இடது கால் சுருக்கென்றது. பதினொன்றுக்கு அந்தக் காலே இல்லை. வேடரில் முழங்காலுக்குக் கீழே ஓட்டை. 4 டிகிரித் தண்ணீர் உள்ளே வந்தால் முதலில் வலிக்கும், பிறகு எரியும், பிறகு அந்தக் காலை யாரோ இரவல் வாங்கிக்கொண்டு போன மாதிரி ஆகிவிடும். கரையேறி, காலுறையைப் பிழிந்து, புளிச்சோறு கட்டி வந்த பிளாஸ்டிக் பையைக் காலில் மாட்டி ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டு மறுபடி இறங்கினேன். நாள் முழுக்கக் காலிலிருந்து புளிக்காய்ச்சல் வாசனை.

மீன் தாத்தாவுக்கு ஏழு மீன். எனக்கு ஒன்றுமில்லை. நாலரைக்கு முன்பே சூரியன் போய்விட்டது. அன்று சூரியன் வந்ததாகவே எனக்கு நினைவில்லை.

மாலையில் போன கடையில் ‘லாப்ஸ்கவுஸ்’ என்று எழுதியிருந்தது. கிண்ணம் 9 பவுண்டு. மாட்டிறைச்சி, உருளை, கேரட், முள்ளங்கி போன்ற ஒரு மஞ்சள் கிழங்கு எல்லாம் போட்டு மணிக்கணக்கில் கொதிக்கவிட்ட குழம்பு. கரண்டியை நட்டால் நிற்கும். மிளகைத் தவிரக் காரம் எதுவும் கிடையாது. ஆனால் அன்றைக்கு அதைவிட நல்ல சாப்பாடு உலகத்தில் இல்லை. மீன் தாத்தா முதல் கரண்டியிலேயே இது எங்க ஊர் ஸ்கவுஸ் என்று உரிமை கொண்டாடினார். லிவர்பூல்காரர்களை ஸ்கவுஸர் என்று கூப்பிடுவதே இந்தக் குழம்பை வைத்துத்தான். பரிமாறிய பெண், “நீங்க எங்ககிட்ட இருந்து எடுத்துக்கிட்டது இது ஒண்ணு மட்டும்தானா?” என்று கேட்டுவிட்டு ரொட்டி இன்னும் வேண்டுமா என்றார். இரண்டாவது முறையாக ஒரு சிரிப்பு, இரண்டாவது முறையாக மீன் தாத்தா கிண்ணத்துக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

ஜனவரி 18, சனி – மீன்

காலையில் மைனஸ் 3. வானம் விட்டிருந்தது. புல் ஒவ்வொன்றும் உப்புத் தொட்டெடுத்த மாதிரி. வேடர் எடுத்த கடையில் ஓட்டையைக் காட்டினேன். முந்தாநாள் நீங்கள் கொண்டுபோகும்போது ஓட்டை இல்லையே என்றார் கடைக்காரர். முள்கம்பியில் ஏறினீர்களா என்றும் கேட்டார். நான் ஏறவில்லை. கொஞ்சம் பேசிப் பார்த்து, வேறு வேடர் வாங்கிக்கொண்டு வந்தேன். முன்பணத்தைப் பிறகு பார்க்கலாம் என்றார்.

கோலின் வளையங்களில் பனிக்கட்டி அடைத்துக்கொண்டது இன்றைய தொல்லை. நரம்பு ஈரத்தோடு வளையத்துக்குள் போகும்போதெல்லாம் ஒரு சொட்டு உறைகிறது. பத்து வீச்சுக்குள் வளையம் மூடிவிடும். கோலைத் தண்ணீருக்குள் முக்கினால் உருகும், ஏனென்றால் ஆறு காற்றைவிடச் சூடு. மீன் தாத்தா சட்டைப்பையில் இருந்து உதட்டுக்குப் பூசும் வாஸ்லின் எடுத்து வளையங்களில் தடவினார். மீதியை உதட்டில் பூசிக்கொண்டார். தண்ணீர்மேல் ஆவி எழும்பி நின்றது. டிப்பர் என்கிற குண்டுப் பறவை ஒன்று கல்மேல் உட்கார்ந்து தோப்புக்கரணம் போட்டுக்கொண்டே இருந்தது. பிறகு நடந்தே தண்ணீருக்குள் போனது. இரை தேடி அடியில் நடக்குமாம். ஓட்டையில்லாத வேடர்.

அவசரப்படாதே, வெயில் தண்ணீரைத் தொட்டபிறகுதான் என்றார். குளிரில் கிரேலிங் ஆழமான இடங்களில் கூட்டமாக அடியில் ஒண்டிக்கொள்ளும். பதினொன்றிலிருந்து இரண்டு வரைதான் அவற்றுக்கு முகூர்த்தம்.

காத்திருந்தபோது ஒரு புகையிலைத் தகர டப்பாவைத் திறந்து காட்டினார். பழுப்பும் இளஞ்சிவப்பும் கலந்த அழுக்குக் கம்பளி நூல், மொத்தம் ஒரு முழம் இருக்கும். சாட்விக்ஸ் 477. காலுறை தைக்கிற நூல்தான். ஏவன் ஆற்றைப் பராமரித்த ஃபிராங்க் சாயர் என்பவர், டிரவுட்டுக்கு இடைஞ்சலான கிரேலிங்கை ஒழித்துக்கட்ட என்றே இந்த நூலையும் செம்புக் கம்பியையும் கொக்கியில் சுற்றி ஒரு பொய்ப்பூச்சி செய்தார். பேரே ‘கில்லர் பக்’. உலர்ந்திருந்தால் சாம்பல், நனைந்தால் இறால்பிள்ளை நிறத்தில் ஒரு சிவப்பு ஓடும். நூல் தயாரிப்பு நின்றுபோனதும் பழைய அட்டைகளைத் தேடி மீன்பிடிப்பவர்கள் பாட்டிமார்களின் தையல் பெட்டியைக் கிளறினார்கள், தங்க விலை கொடுத்தார்கள். மீன் தாத்தாவிடம் இருப்பது அவர் அம்மாவின் தையல் டப்பாவிலிருந்து வந்தது. அந்த நூலில் சுற்றிய பூச்சிகள் ஆறு இருந்தன. இரண்டை எனக்குக் கட்டிவிட்டார்.

முதல் பூச்சியை மூன்றாவது வீச்சிலேயே ஆல்டர் கிளையில் மாட்டினேன். இழுத்தேன், அறுந்தது. கிளையில் அது ஆடிக்கொண்டிருந்தது, எட்டாத உயரத்தில். மீன் தாத்தா ஒரு வார்த்தை சொல்லவில்லை. பத்து நிமிஷம் எந்த வார்த்தையும் சொல்லவில்லை. அதற்குத் திட்டியே இருக்கலாம்.

பன்னிரண்டு மணி இருக்கும். வெயில் எதிர்க்கரையிலிருந்து நகர்ந்து நடு ஆற்றுக்கு வந்திருந்தது. விரல்கள் கோலைப் பிடித்திருக்கின்றன என்பது கண்ணால் பார்த்தால்தான் தெரியும். நரம்பு வந்துகொண்டிருந்தது, தட், தட், கல், கல். பிறகு தட்டவில்லை. நின்றதுகூட இல்லை. நகராமல் இருக்க மனசு வந்த மாதிரி ஒரு மெத்தனம். தூக்கினேன்.

கெண்டை கடித்தால் ஓடும். இது ஓடவில்லை, முறுக்கியது. தண்ணீருக்கடியில் யாரோ ஈரத்துணி பிழிகிறார்கள், அந்த முறுக்கு கோல் வழியாக முழங்கைக்கு வருகிறது. மீன் நீரோட்டத்துக்குக் குறுக்கே திரும்பி முதுகுத் துடுப்பை விரித்துவிட்டது. பாய் விரித்த தோணி போல அந்தத் துடுப்பில் ஆற்றின் பாரம் முழுக்க ஏறிக்கொண்டது. “மெதுவா, மெதுவா, கீழ இறங்கி வா, லா” என்று பின்னாலிருந்து குரல். இரண்டு முறை வலைவரை வந்து திரும்பிப் போனது. மூன்றாவது முறை வலைக்குள்.

அளந்தார்: 36 சென்டிமீட்டர். புகைப்படங்களில் இதைச் சாம்பல் மீன் என்றுதான் நினைத்திருந்தேன். கையில் வைத்துப் பார்த்தால் விலாவில் வெள்ளி, சாய்த்தால் கத்தரிப்பூ, இன்னும் சாய்த்தால் பச்சை. செவுள் பக்கம் மையால் குத்திய கரும்புள்ளிகள். கண்ணின் பாவை வட்டமாக இல்லாமல் பேரிக்காய் வடிவத்தில் முன்பக்கம் கூராக இருந்தது. அந்த முதுகுத் துடுப்போ புடவைக் கொசுவம்: விரித்தால் சிவப்புக் கோடும் ஊதாப் புள்ளியும், மடக்கினால் ஒன்றுமில்லை. இந்த மீனின் அறிவியல் பெயரே தைம் என்ற மூலிகையின் பெயரிலிருந்து வந்தது, அந்த வாசனை அடிக்குமாம். மோந்து பார்த்தேன். எனக்கு வெள்ளரிப் பிஞ்சு வாசனைதான் அடித்தது.

கொக்கிக்கு எதிர்முள் கிடையாது, விரலால் தொட்டதும் கழன்றுவிட்டது. கையை முதலில் தண்ணீரில் நனைத்துக்கொள்ள வேண்டும், உலர்ந்த கையால் பிடித்தால் மீன்மேல் இருக்கும் வழுவழுப்பு போய்விடும். நீரோட்டத்தை நோக்கித் தலையை வைத்துப் பிடித்திருந்தேன். உள்ளங்கையில் அதன் செவுள் திறந்து மூடியது. அரை நிமிஷம் இருக்கும். பிறகு அங்கே கை மட்டும்தான் இருந்தது.

சின்ன வயதில் பிடித்த ஒரு கெண்டையைக்கூட நான் விட்டதில்லை. வீட்டுக்குப் போனால் அம்மா எண்ணிப் பார்ப்பாள்.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்தில் மூன்று மீன். வித்தை கைக்கு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டே கரைக்குத் திரும்பும்போது வழுக்கி உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பது மரியாதைக்கு. மார்புவழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கியது. ஓட்டையில்லாத வேடரில் ஒரு குறை உண்டு, உள்ளே போன தண்ணீரும் வெளியே போகாது.

கரையில் பல் அடித்துக்கொண்டு நின்றபோது நான்கு சக்கர பைக்கில் ஆட்டுக்குத் தீவனம் கொண்டுபோன ஒரு பெண் நின்றார். என்ன ஏது என்று ஒரு கேள்வி இல்லை. இருக்கைக்கடியிலிருந்து சாக்குத்துணி மாதிரி ஒரு துண்டும் தன் பிளாஸ்கும் எடுத்துக் கொடுத்தார். டீயில் சர்க்கரை பாயசம் அளவுக்கு. நன்றி சொன்னேன். துண்டைக் கேட் கம்பத்தில் போட்டுவிட்டுப் போங்கள் என்றார், நாய் அதில்தான் படுக்கும். அப்போதுதான் அதன் வாசனை எனக்குப் புரிந்தது.

ஜனவரி 19, ஞாயிறு – லின் கெலின், பிறகு வீடு

மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியதும் மீன் தாத்தா லிவர்பூல் பக்கம் திரும்பாமல் எதிர்ப்பக்கம் காரைத் திருப்பினார். பாலாவில் டீயோடு கலக்கும் ட்ரவெரின் ஆற்றை ஒட்டியே மேலே போனோம். பத்து நிமிஷத்தில் ஒரு அணை. அதற்குப் பின்னால் லின் கெலின் என்ற பெரிய நீர்ப்பரப்பு, ஒரு அலைகூட இல்லை. காற்றும் இல்லை. கரையில் சின்னதாகக் கல்லால் கட்டிய ஒரு நினைவுக் கோயில்.

தண்ணீருக்கடியில் கபெல் கெலின் இருக்கிறது. வெல்ஷ் மட்டுமே பேசிய ஒரு கிராமம். பள்ளிக்கூடம், தபால் நிலையம், பிரார்த்தனைக் கூடம், பன்னிரண்டு வீடுகளும் பண்ணைகளும். லிவர்பூல் நகராட்சிக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. வேல்ஸில் யாருடைய அனுமதியும் கேட்காமல் லண்டன் நாடாளுமன்றத்தில் 1957ல் சட்டம் வாங்கினார்கள். வேல்ஸின் 36 எம்.பி.க்களில் ஒருவர்கூட ஆதரித்து வாக்களிக்கவில்லை. சட்டம் நிறைவேறியது. அதற்கு முந்தைய வருஷமே ஊர்க்காரர்கள் பிள்ளைகளோடு லிவர்பூல் தெருக்களில் ஊர்வலம் போய்ப் பார்த்தார்கள். 1965ல் பள்ளத்தாக்கு நிரம்பியது. 48 பேருக்கு வீடு போனது. 2005ல் லிவர்பூல் நகரமன்றம் மன்னிப்புக் கேட்டது.

அணைத் தண்ணீரைக் குழாயில் கொண்டுபோவதில்லை. ட்ரவெரின் வழியாக டீயில் விட்டு, கீழே செஸ்டர் பக்கம் ஆற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு நாளாக நான் இடுப்பளவு நின்றதும், நேற்று மார்புவழியே உள்ளே வாங்கியதும் அந்தத் தண்ணீர்தான்.

மேட்டூர் அணை வற்றும்போது பண்ணவாடிப் பக்கம் நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் வெளியே வரும், படம் எடுக்கக் கூட்டம் போகும். இங்கும் வறட்சிக் கோடையில் பழைய சுவர்கள் தெரியுமாம். மீன் தாத்தாவிடம் சொன்னேன். தலையாட்டினார். உள்ளே ஒரு ரயில் பாதையும் கிடக்கிறது என்றார், பாலாவிலிருந்து ஃபெஸ்டினியோக் போன பாதை. பழைய ரயில்வேக்காரருக்கு அதுதான் முதலில் வரும். 1965ல் அவருக்குப் பத்து வயது. “இனிமே எங்க குழாய் வத்தவே வத்தாதுன்னு ஸ்கூல்ல சொன்னாங்க, லா. எல்லாரும் கை தட்டினோம்.” கொஞ்ச நேரம் கழித்து, “இங்க முதல் தடவை மீன் பிடிக்க வந்தப்போ எனக்கு முப்பது வயசு. எந்த ஊர்னு கேட்டா செஸ்டர்னு சொல்லிடுவேன்” என்றார்.

நான் போகிற எல்லா ஊரிலும் என்னைக் கேட்கிற கேள்வி அவருக்கு இங்கே மட்டும். இதை அவரிடம் சொல்லவில்லை. கடையில் டீயோடு இரண்டு துண்டு பாரா ப்ரித் வாங்கினோம், டீயில் ஊறவைத்த உலர்பழங்கள் போட்ட ரொட்டி, மேலே கனமாக வெண்ணெய். ஆளுக்கு 6 பவுண்டு சொச்சம். கல்லாவில் இருந்த பையன் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டான். மீன் தாத்தா லிவர்பூல் என்றார். “டிராஃபிக் இருக்கும், சீக்கிரம் கிளம்புங்க” என்றான் பையன்.

வேடரைத் திருப்பிக் கொடுத்தபோது முன்பணம் 30 பவுண்டைக் கேட்டேன். ஓட்டைக்குப் பழுதுபார்க்கும் செலவு 20 என்று கழித்துக்கொண்டு பத்தை நீட்டினார்கள். வாங்கிக்கொண்டேன். அந்த ஓட்டை எனக்கு முன்னால் எத்தனை பேருக்கு இருபது பவுண்டு செலவு வைத்ததோ.

இரவு அம்மாவுக்கு வீடியோ அழைப்பு. ஊரில் அப்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. இருந்தும் மீன் பார்க்க வேண்டும் என்று விழித்திருந்தாள். என்னிடம் இருந்த ஒரே படத்தில் பாதி என் கட்டைவிரல், மீதியில் துடுப்பு.

“மீன எங்கய்யா?”

“விட்டுட்டேம்மா.”

“புடிச்ச மீன ஆத்துலயே விட்டுட்டியாக்கும்? நாலையுமா?” அப்பா பக்கம் திரும்பி அதை ஒருமுறை சத்தமாகச் சொன்னாள். பிறகு, “இம்புட்டு துட்டு செலவழிச்சுப் போயி, ஒண்ணுமே கொண்டாரலியால? சரி, அந்த ஆத்துத் தண்ணியாவது நல்லாருக்குமா? நம்ம தாமிரவருணி மாதிரி வாயில வச்சிக் குடிக்கலாமா?”

“அதத்தாம்மா பதினோரு வருஷமா குடிச்சிட்டிருக்கேன்” என்றேன்.